தமிழ் வாசிக்கும் வேகத்தில் வாசி

கண்ணா,

வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். இல்லாவிட்டால் உன் அம்மா பேனாவைத் தேடி எடுக்கிற ஆளா? ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். "போதும்மா, ஆள விடு" என்று நீ கும்பிடுகிற வரைக்கும் சொல்லியிருப்பேன். அப்பா நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்த அழகை நீயும்தான் பார்த்தாயே! நான் கையை ஆட்டி, கண்ணை உருட்டி, முழுக் கதையையும் நடித்துக் காட்டுகிறேன். அவர் உன்னிடம் திரும்பி, "சாப்பிட்டியான்னு கேக்குறா" என்கிறார். நீயும் சமர்த்தாக, "சாப்பிட்டேம்மா" என்கிறாய். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. அடித்தும் கொண்டேன். உடனே அவர், "தலைவலியாம்டா" என்று அதையும் சொல்லிவிட்டார்.

ஆகவே எழுதுகிறேன், அதுவும் தமிழில். அப்பா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார். வரிசை மாற்றித்தான் அனுப்புவார், அதனால் மேலே பக்க எண் போட்டிருக்கிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியாதா? கல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவன், சண்டை போடுவது பெங்காலியில், வேலை பார்ப்பது இங்கிலீஷில், அம்மாவோடு பேச மட்டும் தமிழ். "வாய்ஸ் மெசேஜ் அனுப்பும்மா, படிக்க நேரமாகுது" என்று இத்தனை நாள் சொல்லித் தப்பித்தாய். இப்போது வாய்ஸும் இல்லை, மெசேஜும் இல்லை. உட்கார்ந்து படி. வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். ஏன் என்று போகப் போகப் புரியும்.

நீ கேட்டதை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். கிளாஸ்கோ போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. அங்கே உன் ஆபீஸில் ஒருவருக்குப் பிரிவு விருந்து. ஆளாளுக்கு எழுந்து நின்று பழைய கவிதை ஒன்றைச் சொன்னார்களாம், எல்லாரும் சேர்ந்து முணுமுணுத்தார்களாம், நீ மட்டும் கையில் தட்டோடு நின்றாயாம். ரோஷம் வந்து பழைய புத்தகக் கடையில் இங்கிலீஷ் கவிதைத் தொகுப்பு ஒன்று, செங்கல் கனத்தில், வாங்கி வந்துவிட்டாய். முதல் பக்கத்தைத் திறந்ததும் மூடிவிட்டாய். "இது இங்கிலீஷ்தானாம்மா? எனக்கு ஒரு பக்கம்கூட ஏறலையே. நீதான் இப்ப பெரிய கவிதைக்காரியாச்சே, எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லு." கேலியாகத்தான் கேட்டாய். ஆனால் எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. பதில் சொல்ல வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

பதிலுக்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை ஆபரேஷன் என்று உனக்குத் தெரியும். "சின்னதுதான், தொண்டையில ஏதோ சதை வளர்ந்திருக்கு" என்று அப்பா சொல்லியிருப்பார். அது சின்னதும் இல்லை, ஏதோ சதையும் இல்லை. குரல் நாண் மேலே உட்கார்ந்திருக்கிற கட்டி நல்ல கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. உயிருக்கு இப்போது ஆபத்தில்லை, நல்ல வேளை சீக்கிரம் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். அதுவரைக்கும் கேட்டேன். "ஆனா உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்குன்னு திறந்து பார்த்தால்தான் தெரியும். கீழே இறங்கியிருந்தா குரல்பெட்டியையே எடுக்க வேண்டி வரும்" என்றார். அதற்கப்புறம் கருவி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, வேறு விதமாகப் பேசலாம் என்று ஏதேதோ சொன்னார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அவர் மேஜையில் இருந்த பிளாஸ்டிக் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்து பைபாஸில் டாக்சிக்கு நிற்கும்போது நான் அழவில்லை, அழுதால் தொண்டை வலிக்கும் என்ற பயத்தில்.

சரி, கவிதைக்கு வருகிறேன். நான் எப்படி இதில் விழுந்தேன் என்பது உனக்குச் சரியாகத் தெரியாது. நீ அப்போது பெங்களூரில் இருந்தாய். அப்பா சொல்லித்தான் கேட்டிருப்பாய், அவர் எதையும் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுவார். துர்கா பூஜை முடிந்த வாரம், பந்தலைப் பிரிக்கும் முன் ஒரு மாலை நம் கட்டடத்துக்காரர்கள் நிகழ்ச்சி வைப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? லேக் கார்டன்ஸில் மைக்கைக் கண்டால் சும்மா இருக்கிறவர் யார்? மீன் பையோடு போகிற மனிதர்கூட மேடை ஏறி, பையைக் காலடியில் வைத்துவிட்டு, ஒரு கவிதையைக் கண்ணீர் வரச் சொல்லிவிட்டுப் போவார். நான் ரிட்டையராகி வீட்டில் இருந்த முதல் பூஜை அது. மேல்வீட்டு மிட்டுதி, நீ மிட்டு மாசி என்று கூப்பிடுவாயே, குழந்தைகளுக்குக் கவிதை சொல்லப் பழக்குகிறவள், அவள் வந்து இந்த அண்ணியைப் பிடித்துக்கொண்டாள். "பௌதி, ஆபீஸ்ல உங்க குரலைக் கேட்டா இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுங்க நடுங்குவாங்களாமே! இந்த வருஷம் நீங்க ஒண்ணு சொல்லியே ஆகணும்" என்று பெங்காலியில் ஒரே பிடிவாதம். பெங்காலியில் சொன்னால் என் உச்சரிப்புக்குச் சிரிப்பார்கள். தமிழில் சொன்னால் யாருக்கும் புரியாது. நடுவில் இங்கிலீஷ் என்று முடிவாயிற்று.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு இங்கிலீஷ் கவிதை. திருச்சியில் படிக்கும்போது பாடப்புத்தகத்தில் இருந்தது. எழுதியவர் பெயர்கூட அதில் போட்டிருக்கவில்லை. சாயங்காலம் மங்குகிற நேரத்தில் ஒருவன் ஆற்றங்கரையில் வந்து நிற்கிறான். அக்கரையில் இருக்கிற படகுக்காரனைக் கூப்பிடுகிறான். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிடுகிறான். இருட்டிக்கொண்டு வருகிறது, பனி இறங்குகிறது, குரல் கம்முகிறது. கடைசி வரை அவனுக்கு ஒருவரும் பதில் குரல் கொடுப்பதில்லை. கடைசி வரியில் மட்டும் தண்ணீரில் துடுப்பு விழுகிற சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான் கவிதை. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது அப்படியே மண்டையில் இருந்தது.

மேடை ஏறினேன். பயத்தில் வாய் தனக்குத் தெரிந்த வழியில் ஓடிவிட்டது. சாயங்காலம் விளக்கேற்றி ஸ்லோகம் சொல்வேனே, அதே ராகம், அதே ஓட்டம், மூச்சு விடாமல் மொத்தக் கவிதையையும் கொட்டி முடித்துவிட்டேன். முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக் கை கூப்பிவிட்டார்! பின்னால் ஒரு அம்மாள் குலவை போட வாயில் கை வைத்தாளாம், பக்கத்தில் இருந்தவள் தடுத்தாளாம். கீழே இறங்கினேன். மிட்டுதி என் கையைப் பிடித்து, "பிரமாதம், பௌதி! என்ன மந்திரம் இது?" என்றாள். "இங்கிலீஷ்" என்றேன். அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். அப்பா அங்கே சிரிக்கவில்லை, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் மத்தியானம் மிட்டுதி ஒரு கிண்ணம் பொரியோடு வந்து உட்கார்ந்தாள். "இப்ப எனக்கு மட்டும் சொல்லுங்க. ஆஸ்தே ஆஸ்தே" என்றாள், மெதுவாக, மெதுவாக என்று. அவளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும், கேள்வி கேட்கத்தான் நன்றாக வரும். "யார் பேசுறாங்க?" என்றாள். "தெரியாது." "யாரைப் பார்த்து?" "தெரியாது." "அவங்களுக்கு என்ன வேணும்?" அட, என்று இருந்தது எனக்கு. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் செக்‌ஷனில் காலம் முழுக்க இதைத்தானே செய்தேன்! ஒரு மனு வந்தால் முதலில் என்ன பார்ப்போம்? எழுதியது யார், யாருக்கு எழுதுகிறான், என்ன போயிற்று, என்ன கேட்கிறான். இந்த நாலும் தெரியாமல் ஒரு காகிதத்தைக்கூட நகர்த்தவிட்டதில்லை. அப்படிப்பட்டவள், ஆற்றங்கரையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நின்ற அந்த மனிதனை மட்டும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஏன் என்று கேட்காமலே கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். அன்றிலிருந்து கையில் கிடைத்த இங்கிலீஷ் கவிதையை எல்லாம் இப்படித்தான் படித்து வருகிறேன்.

ஆகவே கண்ணா, நீயும் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். கவிதை என்றதும் பெரிய தத்துவம் ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காவிட்டால் மார்க் போய்விடும் என்று பயப்படாதே. பழைய இங்கிலீஷ் கவிதைகளில் பாதிக்கு மேல் மனுதான். யாருக்கோ எதுவோ போய்விட்டது. காதலி போய்விட்டாள், கோடை போய்விட்டது, இளமை போய்விட்டது, குழந்தை போய்விட்டது. யாரிடமோ கெஞ்சுகிறார்கள், திட்டுகிறார்கள், சமாதானம் சொல்கிறார்கள். யார், யாரிடம், என்ன போயிற்று, என்ன வேண்டும் என்று கேள். பாதிக் கவிதை கையில் வந்துவிடும். மீதி வராவிட்டால் வராமல் போகட்டும். எல்லா மனுவும் முதல் பார்வையில் புரிந்துவிடுமா என்ன?

அந்தச் செங்கல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க உனக்கு யார் சொன்னார்கள்? அப்படிப்பட்ட புத்தகங்களில் எல்லாவற்றிலும் பழையது முதலில் இருக்கும். அந்தக் காலத்து எழுத்தும் சொல்லும் வெள்ளைக்காரனுக்கே தகராறு. ஹவுரா ஸ்டேஷனுக்குப் போகிறவன் முதல் பிளாட்பாரத்திலிருந்தா ஒவ்வொரு வண்டியாக ஏறிப் பார்க்கிறான்? நடுவில் திற. ஒரு பக்கத்துக்குள் முடிகிற கவிதையாகப் பார். முதல் இரண்டு வரி உன்னை உள்ளே இழுக்கிறதா? இரு. இல்லையா? திருப்பு. ஒன்றும் தப்பில்லை, யாரும் பார்க்கவில்லை. பிடித்த ஒன்று கிடைத்தால் ஒரு வாரம் அதோடு மட்டும் இரு. காலையில் ஒரு தரம், பஸ்ஸில் ஒரு தரம். நெட்டில் அதற்கு யார் யாரோ எழுதியிருக்கிற விளக்கத்தை மட்டும் முதலிலேயே போய்ப் பார்த்துவிடாதே. சமையலை ருசி பார்ப்பதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரி உப்பு ஜாஸ்தி என்று சொன்னால் உனக்கும் உப்பாகத்தான் இருக்கும்.

வரி முடிகிற இடத்தில் எல்லாம் நின்றுவிடாதே. நான் செய்த இன்னொரு கூத்து அது. வரி முடிந்ததும் வாக்கியமும் முடிந்தது என்று நினைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக நறுக்கினேன், அர்த்தம் ரத்தம் கக்கியது. முற்றுப்புள்ளி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடு. நாலு வரி தள்ளி இருக்கும் சில நேரம். அதுவரைக்கும் ஒரே வாக்கியமாகச் சொல்லிப் பார். சொற்கள் இடம் மாறிக் கிடந்தால், செய்தது யார், என்ன செய்தான் என்று பொறுக்கி எடு. அப்புறம் அந்தத் 'தௌ', 'தீ' எல்லாம் பார்த்து மிரளாதே. நீ வளர்ந்த ஊரில் சிநேகிதனுக்கு ஒரு 'துய்', வீட்டில் ஒரு 'துமி', வாத்தியாருக்கு ஒரு 'ஆப்னி' என்று மூன்று மரியாதை. மூன்று வயதிலேயே உனக்கு அது தண்ணிபட்ட பாடு. அந்தத் 'தௌ'வும் அப்படி ஒரு 'நீ'தான். கடவுளையும் காதலியையும் ஏகவசனத்தில் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். தெரியாத வார்த்தைக்கு அகராதியை மறுநாள் எடு. முதல் நாள் சத்தத்தை மட்டும் கேள்.

சத்தம் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. காபி குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். விழுங்கும்போது வலிக்கிறது.

இங்கிலீஷ் கவிதையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு அழுத்தம் இருக்கிறது. நாம் எல்லா எழுத்தையும் ஒரே சீராகச் சொல்லிப் பழகினவர்கள், அதனால்தான் என் கவிதை மந்திரமாயிற்று. மிட்டுதி என்ன சொல்லியும் எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அவள் என் முதுகில் தட்ட ஆரம்பித்தாள். மெல்ல ஒன்று, பலமாக ஒன்று. மெல்ல, பலமாக. "குழந்தையைத் தட்டிக் கொடுப்பீங்களே, அப்படி" என்றாள். சட்டென்று எனக்கு உன் முதுகு ஞாபகம் வந்தது. சித்திரை வைகாசியில் சாயங்காலம் திடீரென்று வானம் கறுத்துக் காளவைசாகிப் புயல் அடிக்குமே, ஜன்னல் எல்லாம் அடித்துக்கொள்ளுமே, நீ இடிக்கு அப்படிப் பயப்படுவாய். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாய். நானும் உள்ளே வந்து பக்கத்தில் படுத்து உன் முதுகில் தட்டுவேன். மெல்ல ஒன்று, பலமாக ஒன்று. உண்மையைச் சொல்லட்டுமா, எனக்கும் இடி என்றால் பயம்தான். உன்னைத் தட்டினால் எனக்கு அடங்கும். பழைய இங்கிலீஷ் கவிதையில் முக்கால்வாசி அந்தத் தட்டில்தான் நடக்கிறது. படிக்கத் தெரிவதற்கு முன்பே அது உன் முதுகுக்குத் தெரியும். மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே வாசித்துப் பார், எங்கே அழுத்த வேண்டும் என்று கவிதையே சொல்லும். சில இடத்தில் தட்டு தப்பும். தப்புகிற இடத்தில் அந்த ஆளுக்கு என்னவோ ஆகிறது என்று அர்த்தம், அங்கே நின்று கவனி.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், போன மாதம் அந்த ஸ்கேன் குழாய்க்குள் போகிற வரைக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் மேலே ஒரு கூண்டை மாட்டி, அசையக் கூடாது, இருமக் கூடாது, எச்சில்கூட விழுங்கக் கூடாது என்று சொல்லி உள்ளே தள்ளிவிட்டார்கள். மூடினார்கள் பார், எனக்கு உயிரே போய்விட்டது. மனசுக்குள் ஸ்லோகம் சொன்னேன். சின்ன வயசிலிருந்து சொல்கிறதா, அது பாட்டுக்கு அது ஓடியது, பயம் பாட்டுக்குப் பயம் ஓடியது. இரண்டும் ஒன்றை ஒன்று தொடவே இல்லை. அப்புறம் அந்தப் படகுக்காரன் கவிதையை எடுத்தேன். அதைச் சும்மா ஓட்ட முடியாது. ஒவ்வொரு சொல்லிலும் எங்கே அழுத்தம் என்று பார்க்க வேண்டும், எங்கே மூச்சு, எங்கே நிறுத்தம் என்று யோசிக்க வேண்டும். அது எனக்கு இன்னமும் அந்நியம்தானே. அந்த இயந்திரம் டங்கு டங்கு என்று வேறு தாளத்தில் அடிக்க, நான் என் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன். கவிதை பயத்தைப் போக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பயம் அங்கேயேதான் நின்றது. உட்கார அதற்கு இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வெளியே இழுத்தபோது உள்ளங்கை முழுக்க வேர்வை.

நேற்று நடந்ததையும் சொல்கிறேன். குளித்துவிட்டுக் கதவைத் திறக்கப் பார்க்கிறேன், பாத்ரூம் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. ஹாலில் அப்பா நியூஸ் பார்க்கிறார், டிவி அலறுகிறது. "ஏங்க" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். டாக்டர் முகம் வந்து நின்றது. ஒரு சத்தம்கூடப் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே! வாயை மூடிக்கொண்டேன். கூப்பிடாமல் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது, திங்கட்கிழமைக்குப் பிறகு ஒருவேளை இப்படித்தான் இருக்கும், கூப்பிட ஆசைப்பட்டாலும் வராது என்று. ஈரத் துணியோடு அப்படியே குளிர்ந்து போய்விட்டேன். கண்ணா, நான் வாழ்க்கையில் இவ்வளவு பயந்ததில்லை. மக்கை எடுத்து வாளியில் தட்டினேன். தட்டினேன், தட்டினேன். அப்பா வந்துவிட்டார். "ஏம்மா, தண்ணி நின்னுடுச்சா?" என்று வெளியிலிருந்து கேட்கிறார்! ஸ்க்ரூ டிரைவர் போட்டு அவர் திறந்ததும், எப்படிக் கேட்டது என்று ஜாடையில் கேட்டேன். "பக்கத்து வீட்டுல ஏதோ அடிக்கிறாங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம் பார்த்தா தினமும் மேஜையில தட்டுறியே, அந்தக் கவிதைத் தட்டு. வேற யாரு இப்படித் தட்டுவா?" என்றார். என்னை அறியாமல் அந்தத் தாளத்தில்தான் தட்டியிருக்கிறேன். கொஞ்ச நேரம் அவர் தோளிலேயே சாய்ந்து நின்றேன்.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு நிஜமான பதில். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை உன்னை உட்கார்த்தித் தமிழ் எழுத்துச் சொல்லித் தருவேன். கீழே உன் சிநேகிதப் பசங்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். நீ "கேனோ மா, கேனோ?" என்று ஏன் ஏன் என்று அழுவாய். அழுதுகொண்டே விரலை எழுத்துக்கு அடியில் வைத்து, ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொல்லி, திரும்பப் போய்ச் சேர்த்து, அப்புறம் அது என்ன வார்த்தை என்று திடீரென்று தெரிந்ததும் தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பாய். அந்தப் பார்வைக்காகத்தான் நானும் விடாமல் சொல்லித் தந்தேன். இங்கிலீஷை நீ அப்படி வாசிப்பதில்லை. ஆபீஸ் மெயில் மாதிரிக் கண் கடைசி வரிக்கு ஓடிவிடுகிறது. கவிதை உனக்கு ஏறாததற்குக் காரணம் உன் இங்கிலீஷ் குறைச்சல் என்று நினைக்கிறாய். உன் இங்கிலீஷ் ஜாஸ்தி, அதுதான் தொல்லை. நீ தமிழ் வாசிக்கும் வேகத்தில் அதை வாசி. விரலை வை. வாயை அசை. திரும்பிப் போ. சேர். அதற்கு மேல் எனக்கும் ஒரு வழியும் தெரியாது.

அதனால்தான் வேண்டுமென்றே தமிழில் எழுதினேன். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். உனக்குத் தமிழ் என்றால் அது என் குரல்தான். அப்பா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். வேறு யாரிடம் நீ தமிழ் கேட்டாய்? இந்தக் கடிதத்தை எழுத்துக் கூட்டி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய் என்றால், உன் காதுக்குள் யார் வாசித்தார்கள்? நான்தானே? அது இன்னும் கேட்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். என் குரல் எனக்கு இல்லாமல் போகலாம், டாக்டர் கையில் இருக்கிறது. உனக்கும் அது இல்லாமல் போய்விடுமோ என்றுதான் எனக்குப் பயம். நீ ஓடி வர வேண்டாம், வேலையைப் பார், அப்பா இருக்கிறார், மிட்டுதி இருக்கிறாள். அவள் ஆபரேஷன் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கப் போவதாகச் சபதம் போட்டிருக்கிறாள்.

ஆனால் ஒன்று செய். அந்தப் படகுக்காரன் கவிதையை என் கையெழுத்தில் கடைசிப் பக்கமாக வைத்திருக்கிறேன், இதோடு அப்பா அனுப்புவார். ஒரு வாரம் அதோடு இரு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா சொல்வார், அப்போது போன் பண்ணு. எப்படி இருக்கிறாய் என்று கேட்காதே. கேட்டால் அப்பா நடுவில் புகுந்து சாப்பிட்டாளாம் என்பார். நேராகக் கவிதையை வாசி. குரல் தப்பித்திருந்தால், பேசலாம் என்று டாக்டர் விட்ட அன்றைக்கே உன் உச்சரிப்புக்கு நல்லதாக நாலு திட்டுக் கிடைக்கும். எப்படி இருந்தாலும் போனை மேஜையில் வைத்துக்கொண்டு கூடவே தட்டுவேன். மெல்ல ஒன்று, பலமாக ஒன்று. நீ அவசரப்பட்டால் தட்டுவதை நிறுத்திவிடுவேன். நிறுத்தியதும் அம்மாவுக்கு என்னவோ என்று பதறாதே, நீ ஓடுகிறாய் என்று அர்த்தம். மறுபடி ஆஸ்தே ஆரம்பி. அந்த மனிதன் கரையில் நின்று கூப்பிடுகிற வரிகளை எல்லாம் நீ வாசி.

கடைசி வரியை வாசிக்காதே. அங்கே நிறுத்திவிட்டுக் கேள். துடுப்புச் சத்தம் வருகிற வரி அது, அதை நான் தட்டுகிறேன்.

அம்மா